மாரிக்கு முந்திய கணக்கு

ஆவணியும் புரட்டாதியும் வன்னியில் நீர் வற்றும் மாதங்கள். சிறுபோகத்துக்கென்று துருசு திறந்துவிட்ட தண்ணீர் வயல்களில் முடிந்துபோயிருக்கும். மாரி மழை இன்னும் இறங்கியிருக்காது. இரணைமடு, அக்கராயன்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் என்று பெரிய குளங்களெல்லாம் உள்வாங்கிக் கிடக்க, நீருக்கும் காட்டுக்கும் இடையில் சேற்றுவெளி அகன்று தெரியும். கமக்காரர் வானத்தைப் பார்த்துக் கவலைப்படும் காலம் இது. இதே வாரங்களில்தான் ஆர்க்டிக் கரையிலும் சைபீரியாவிலும் மத்திய ஆசியப் புல்வெளிகளிலும் குஞ்சு பொரித்த பறவைகள் தெற்கே வந்து இறங்குகின்றன. முப்பது கிராம் எடைகூட இல்லாத கொசு உள்ளான், கீழ்நோக்கி வளைந்த அலகுடைய வளைமூக்கு உள்ளான், பொரி உள்ளான், உப்புக்கொத்திகள், முதலில் வந்து சேரும் வாத்துகளில் ஒன்றான நீலச்சிறகு வாத்து ஆகியவற்றுக்கு வற்றிய குளத்தின் சேறு உணவுக் களம். வடக்கே உள்ள நாடுகள் இலையுதிர்காலம் என்று சொல்லும் இந்தப் பருவத்தில், வன்னியின் குளங்களிலும் களப்புகளிலும் அந்தந்த ஊரவர்களே தொண்டர்களாக நின்று பறவைகளை எண்ண வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆர்வமுள்ளோரின் பொழுதுபோக்குக்காக இதைச் சொல்லவில்லை. வேறு எந்தக் கருவியாலும், வேறு எந்த மாதத்திலும், வெளியிலிருந்து வரும் எந்தச் சிறு குழுவாலும் திரட்ட முடியாத ஓர் அறிவு இந்தக் கணக்கில் இருக்கிறது. அது ஏன் என்பதற்கான காரணங்கள் வன்னியின் நீரிலும் நிலத்திலுமே கிடக்கின்றன.

நீர்ப்பறவைகளைத் தொண்டர்கள் எண்ணும் மரபு இலங்கைக்குப் புதிதன்று. 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகமும், 1976 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு இயங்கும் பறவையியல் கள ஆய்வுக் குழுவும் இதில் முன்னோடிகள். 1987இல் இந்திய உபகண்டத்தில் ஆரம்பித்து ஆசியா முழுவதும் பரவிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இலங்கையும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. அக்கணக்கெடுப்பு ஜனவரியின் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நடக்கிறது. அந்த மாதத்தைத் தேர்ந்ததற்கு நல்ல காரணம் உண்டு. ஜனவரியில் தெற்கு நோக்கிய வலசை முடிந்து, வடக்கு நோக்கிய பயணம் இன்னும் தொடங்காமல், பறவைகள் பெரும்பாலும் ஓரிடத்தில் தங்கியிருக்கும். அப்போது கண்டம் முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எண்ணினால், ஒரே பறவையை இரு நாடுகள் எண்ணிவிடும் வாய்ப்புக் குறைவு. உலக அளவில் ஓர் இனத்தின் மொத்தத் தொகையை மதிப்பிட இதைவிடச் சிறந்த மாதம் இல்லை. ஆனால் மொத்தத் தொகையை மதிப்பிடுவது ஒரு கேள்வி. ஒரு குறிப்பிட்ட குளம் ஆண்டின் எந்த நாளில் எந்தப் பறவைக்கு உதவுகிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு ஜனவரி தரும் விடை வன்னியைப் பொறுத்தவரை அரைகுறையானது. சில குளங்களில் முற்றாகவே தவறானதும் ஆகலாம்.

இதற்குக் காரணம் நீரின் ஆழம். சேற்றில் இரை தேடும் சிறிய உள்ளான்களால் சில சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல் நின்று மேய முடியாது. அவற்றின் கால் நீளமும் அலகு நீளமுமே அந்த எல்லையை வகுக்கின்றன. வன்னிக்கு மழையின் பெரும்பங்கு வடகீழ் பருவக்காற்றுக் காலத்தில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் கிடைக்கிறது. நல்ல மாரி பெய்த ஆண்டில் தைப்பொங்கல் வேளையில் குளங்கள் நிரம்பி, வான் பாய்ந்து, நீர் காட்டோரம் வரை ஏறி நிற்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது இரணைமடுவின் கதவுகளைத் திறந்துவிட வேண்டியிருந்ததை அங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள். அப்படி நிரம்பிய குளத்தை ஜனவரியில் எண்ணப் போகிறவருக்கு நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் தெரியும். உள்ளான் ஒன்றுகூடத் தெரியாமல் போகலாம். அவர் எழுதும் பூச்சியம் அந்த நாளுக்கு உண்மை. ஆனால் அந்த ஒற்றை நாளை வைத்து இந்தக் குளம் வலசை உள்ளான்களுக்குப் பயன்படுவதில்லை என்று முடிவெடுத்தால் அது பெரும் பிழை. அதே குளத்தின் சேற்றுவெளியில் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் ஒரு கூட்டம் பல வாரங்கள் தங்கி உடல் தேற்றியிருக்கக்கூடும். பயணத்தில் கொழுப்பையெல்லாம் எரித்துவிட்டு வரும் பறவைக்கு அந்த வாரங்களே உயிர்காக்கும் வாரங்கள். முதிர்ந்த உள்ளான்கள் தேய்ந்த இறகுகளை உதிர்த்துப் புதியன முளைக்கவிடுவதும் இப்படி வந்து சேர்ந்த இடங்களில்தான். எண்ணாமல் விட்ட பருவம் பதிவேட்டில் இல்லாத பருவமாகிறது. பதிவேட்டில் இல்லாததைப் பாதுகாக்கும் திட்டம் எதுவும் இல்லை.

மாரிக்கு முந்திய கணக்கு சொல்லக்கூடிய இன்னொன்றும் உண்டு. அந்த ஆண்டு வடக்கே எத்தனை குஞ்சுகள் பிழைத்தன என்பதே அது. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். சைபீரியாவின் வடகோடியில், தைமீர் தீபகற்பம் போன்ற இடங்களில் அது கூடுகட்டுகிறது. அங்கே லெமிங் என்ற எலியினப் பிராணி பெருகும் ஆண்டுகளில் ஆர்க்டிக் நரிகள் அதையே தின்று வயிறு நிரப்பும். உள்ளான் முட்டைகள் தப்பும். லெமிங் தொகை சரிந்த ஆண்டில் நரிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடிப்போகும். இந்த ஏற்ற இறக்கம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், குளிர்காலம் கழிக்க வந்த கூட்டங்களில் இளம்பறவைகளின் விகிதமாக வெளிப்படுவதை ஐரோப்பாவிலும் தென்னாபிரிக்காவிலும் ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். முதலாண்டுப் பறவையின் முதுகு இறகுகளுக்கு வெளிறிய கரை இருக்கும். செதில் அடுக்கியதுபோல் தெரியும். மார்பில் இளமஞ்சள் கலந்திருக்கும். ஓகஸ்ட் மாதத்தில் வந்திறங்கும் முதிர்ந்த பறவைகளில் செங்கல் நிறத் திட்டுகள் எஞ்சியிருக்கும். செப்டெம்பர், ஒக்டோபரில் இரண்டையும் பிரித்தறியலாம். இறகு மாறி மாறி ஜனவரி வரும்போது அந்த வேறுபாடு மங்கிவிடும். முதிர்ந்தவை முன்னும் இளையவை பின்னுமாக வருவதால் ஒரு நாள் விகிதம் போதாது. இரு வாரத்துக்கு ஒருமுறையாவது எண்ணிய தொடர் வேண்டும். வளைமூக்கு உள்ளானை 2024இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் வரிசைக்கு உயர்த்தியது. அதன் இளம் தலைமுறை எப்படி இருக்கிறது என்பதை அறிய உதவும் கரைகளில் நம்முடையவும் அடங்கும்.

இத்தனை காரணங்களும் மாரிக்கு முன் எண்ண வேண்டும் என்பதை நிறுவுகின்றன. ஊரவர்தான் எண்ண வேண்டும் என்பதற்கான காரணம் வேறு. வன்னியின் நீர்நிலைகள் தனித்தனியானவை அல்ல. கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் பிறந்து, முல்லைத்தீவைக் கடந்து, கிளிநொச்சியில் இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் கடல்நீரேரியில் போய்ச் சேர்கிறது. இந்த ஒரே நீர்வழியில் காட்டுக்குளம், பெருங்குளம், வயல், உவர்நீர் எல்லாம் உண்டு. பறவைகளுக்கு இதில் மாவட்ட எல்லை கிடையாது. ஒரு மழைக்கு இரணைமடுவின் சேறு மூழ்கினால் அங்கிருந்த கூட்டம் சுண்டிக்குளத்துக்கோ ஆனையிறவுக்கோ பூநகரிக் கரைக்கோ போகும். அங்கும் நீர் ஏறினால் வேறெங்காவது திரும்பும். இன்று இரணைமடுவில் குறைந்த ஐந்நூறு பறவை உண்மையில் குறைந்ததா, இடம் மாறியதா என்பதை இரணைமடுவை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. ஒரு குழு திங்களன்று இரணைமடுவையும் புதனன்று சுண்டிக்குளத்தையும் வெள்ளியன்று நந்திக்கடலையும் பார்த்தால், ஒரே கூட்டத்தை மூன்று முறை எண்ணவோ மூன்று முறையும் தவறவிடவோ கூடும். இதைத் தீர்க்கும் வழி ஒன்றே. ஒரே நாளில், விடிந்து முதல் சில மணி நேரத்துக்குள், எல்லா இடங்களிலும் ஆள் நிற்க வேண்டும். கொழும்பிலிருந்து வரும் எந்த நிபுணர் குழுவுக்கும் அத்தனை ஆள் இல்லை. வவுனிக்குளத்தில் மீன்பிடிப்பவரும், முத்தையன்கட்டில் வயல் செய்பவரும், பூநகரிப் பாடசாலை ஆசிரியரும், அறிவியல்நகரில் படிக்கும் மாணவரும் ஒரே விடியலில் தத்தம் கரையில் நிற்கலாம். ஒருங்கே எண்ணுவது ஊர் மக்களால் மட்டுமே ஆகக்கூடியது என்பதே இந்த வாதத்தின் அச்சாணி.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். பயிற்சியில்லாதவர் எண்ணும் எண்ணை எப்படி நம்புவது? நூறு பறவை கொண்ட கூட்டத்தை ஒருவர் எண்பது என்பார், இன்னொருவர் நூற்றிருபது என்பார். உள்ளான் வகைகளைப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். இந்த ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதில் இரண்டு வெவ்வேறு பிழைகள் கலந்திருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இங்கும் அங்குமாகச் சிதறும் பிழை. பலர், பல இடங்களில், பல ஆண்டுகள் எண்ணும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று பெரிதும் ஈடுசெய்துகொள்ளும். மற்றது ஒரே பக்கம் சாயும் பிழை. பெருங்கூட்டத்தைக் கண்ணால் மதிப்பிடுபவர்கள் பொதுவாகக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தச் சாய்வு ஆண்டுதோறும் ஒரே அளவில் இருக்குமானால் போக்கைக் காண அது தடையாகாது. உதாரணத்துக்கு, குளத்தில் உண்மையில் ஆயிரம் பறவை இருக்க, எண்ணுபவருக்கு எழுநூறே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளின் பின் எண்ணூறு இருக்க, அவருக்கு ஐந்நூற்று அறுபது தெரியும். இரண்டு எண்களும் மொத்தத்தில் பிழை. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்ற செய்தி சரி. இரணைமடுக் கட்டில் நட்டிருக்கும் அளவுகோல் குளத்தில் எத்தனை கன அடி நீர் என்று நேராகச் சொல்வதில்லை. ஏறியதையும் இறங்கியதையும்தான் சொல்கிறது. அதை வைத்தே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவாகிறது. பறவைக் கணக்கும் அத்தகைய அளவுகோல்தான். கோலை வேறிடத்தில் மாற்றி நடாதவரை அது பயன் தரும்.

ஆகவே கவலைப்பட வேண்டியது தொண்டர் தவறுவாரா என்பதைப் பற்றியன்று. ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு விதமாகத் தவறுவாரா என்பதைப் பற்றித்தான். அதைக் கட்டுப்படுத்த எளிய ஒழுங்குகள் போதும். நிற்கும் இடம் மாறக்கூடாது. தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் எழுத வேண்டும். கூட்டத்தில் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் கொள்கிறது என்று பார்த்து, பின்பு அதே அளவில் நகர்த்தி மீதியை மதிப்பிட வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி, இரண்டு எண்ணையும் எழுத வேண்டும். இனம் தெரியாவிட்டால் சிறு உள்ளான், வகை தெரியவில்லை என்று எழுதுவது குறையன்று. ஊகித்து எழுதுவதே குறை. இன்னொரு நுட்பமான சாய்வும் உண்டு: முதல் ஆண்டில் தடுமாறுபவர் அடுத்த ஆண்டுகளில் தேர்ச்சி பெறுவதால், பறவை கூடாமலே எண் கூடும். 1966 முதல் வட அமெரிக்காவில் நடக்கும் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பில் இதை இனங்கண்டு, ஒருவரின் முதலாண்டுக் கணக்கைப் பகுப்பாய்வில் தனியாகக் கையாளுகிறார்கள். யார் எண்ணினார் என்ற குறிப்பு பதிவில் இருந்தால் புள்ளியியலாளர் இந்தப் பிழையைப் பின்னர் திருத்தலாம். குறிப்பு இல்லாவிட்டால் எவராலும் திருத்த முடியாது.

தொண்டர் கணக்கால் என்ன விளைந்தது என்று கேட்பவர்களுக்கு வரலாறே விடை. 1900ஆம் ஆண்டு நத்தார் நாளில், பறவைகளைச் சுடும் போட்டிக்கு மாற்றாக அவற்றை எண்ணுவோம் என்று பிராங்க் சப்மன் அழைத்தபோது வட அமெரிக்காவில் முன்வந்தவர்கள் 27 பேர். அந்த மரபு இன்றுவரை அறாமல் தொடர்கிறது. 2019இல் சயன்ஸ் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, 1970இலிருந்து வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று அறிவித்தது. அதற்கு ஆதாரமான எண்களின் பெரும்பகுதி தொண்டர்கள் எண்ணியவை. வானிலை ராடார்கள் வலசைக் கூட்டங்களை அளந்த தரவும் அதே சரிவைக் காட்டியது. நமக்கு அண்மையிலும் சான்று உண்டு. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை நோக்குநர் தந்த ஏறத்தாழ மூன்று கோடிப் பதிவுகள் அடித்தளமாயின. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு கிடைத்த 338 இனங்களில் அறுபது வீதமானவை குறைந்திருந்தன. தமிழ்நாட்டில் 2015இலிருந்து பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பின் பட்டியல்களும் அந்தப் பெருந்திரட்டில் சேர்கின்றன. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு தெரிந்திருக்க, அதே பறவைகள் அடுத்து இறங்கும் இந்தப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கான தொடர்கள் மிகச் சிலவே என்பது அறிவியலுக்குப் பேரிழப்பு.

இரண்டாவது ஆட்சேபம் தொழில்நுட்பத்தின் பெயரால் வருவது. செய்மதிக் கருவியும் ட்ரோனும் இருக்கும் காலத்தில் மனிதர் சேற்றோரம் நின்று எண்ணுவது எதற்கு? கருவிகள் தரும் அறிவு பெரியது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்திய ஹியூக்லின் கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையில் உள்ள யமால் தீபகற்பம் வரை சென்றதை உலகம் 2021இல் கண்டது. வட இலங்கையை ஆர்க்டிக்கோடு இணைக்கும் மத்திய ஆசியப் பறப்புப் பாதை வெறும் வரைபடக் கோடு இல்லை என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால் கருவி சுமந்த ஒரு பறவை தன் வழியைச் சொல்லுமே தவிர, அந்த வழியில் எத்தனை பறவைகள் வந்தன, சென்ற ஆண்டைவிடக் கூடினவா குறைந்தனவா என்று சொல்லாது. முப்பது கிராம் பறவைக்குப் பொருத்தும் கருவியின் எடைக்கும் எல்லை உண்டு. ட்ரோன் தாழப் பறந்தால் கூட்டம் கலைந்து எழும். உயரப் பறந்தால் உள்ளான் வகைகளைப் பிரித்தறிய முடியாது. காட்டுக்குள் இறங்கும் வலசைப் பறவைகளின் நிலை இன்னும் சிக்கல். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து வந்து, வன்னிக் காட்டில் இறங்கி, பற்றைக்குள் மறைந்துவிடும். அதன் வருகையை அறியும் எளிய வழி காலையிலும் மாலையிலும் அதன் குரலைக் கேட்கும் ஊரவரின் காதும் அவர் எழுதிவைக்கும் தேதியும்தான். கருவி பாதையைக் காட்டட்டும். தொகையை மனிதர் எண்ணட்டும். ஒன்று மற்றதற்கு மாற்றாகாது.

வன்னிக்கு இந்த எண்கள் ஏன் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அவசரம் என்பதை அதன் அண்மை வரலாறு விளக்கும். உலகின் பல நாடுகளில் பறவைக் கணக்கெடுப்புகள் வேரூன்றிய அதே பத்தாண்டுகளில் வன்னி போரின் நடுவில் இருந்தது. ஏ9 வீதி மூடிக்கிடந்த ஆண்டுகளிலும், 2009 மே மாதம் போர் முடிந்து கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த ஆண்டுகளிலும், இங்குள்ள நீர்நிலைகளை ஆண்டுதோறும் தடையின்றி எண்ணுவது நடவாத காரியம். மக்களைக் காப்பதே முடியாமலிருந்த காலத்தில் பறவைக் கணக்கு இல்லை என்று எவரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவு நம் தலைமுறையின் மேல் விழுந்திருக்கிறது. மீன்வள ஆய்வாளர் டானியல் போலி 1995இல் ஓர் உண்மையைச் சுட்டினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட நிலையையே இயல்பானது என்று எடுத்துக்கொள்கிறது, அதற்கு முன் நடந்த இழப்பு கணக்கில் வராமலே போகிறது. இடப்பெயர்வில் பிறந்து வளர்ந்து மீள்குடியேறிய பிள்ளைக்கு 2010க்குப் பிந்திய குளமே முதற் குளம். முதியவர்கள் சொல்லும் பழைய கூட்டங்களின் பெருக்கத்தை ஒப்பிட எழுத்தில் எண் இல்லை. போன ஆண்டுகளைத் திரும்ப எண்ண முடியாது. இன்று தொடங்கினால், இருபது ஆண்டுகளின் பின் வருகிறவர்களுக்காவது ஒப்பிட ஓர் அடிப்படை இருக்கும். நந்திக்கடலின் கரையில் எண்ணப் போகிறவர், அது பல குடும்பங்களுக்கு இழந்தவர்களை நினைந்து நிற்கும் இடம் என்பதையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஊரவரே எண்ண வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காணியும் தொழிலும் வீடும் தீராப் பிரச்சினையாக இருக்கும் மண்ணில் பறவைக் கணக்கு ஆடம்பரம் அல்லவா என்ற கேள்வி நியாயமானது. கணக்கெடுப்பு அந்தப் பிரச்சினைகளில் ஒன்றையும் தீர்க்காது. ஆனால் வன்னியின் நிலத்தையும் நீரையும் பற்றிய பெரிய தீர்மானங்கள் எண்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுக்கப்பட்டே வருகின்றன. பளைப் பகுதியில் காற்றாலைகள் ஏற்கெனவே சுழல்கின்றன. மன்னாரிலும் கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டபோது, மன்னாரின் வலசைப் பாதை பற்றிய வாதம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதை முன்வைத்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் அத்திட்டத்திலிருந்து விலகியது. பூநகரியில் வீசும் காற்று விலகவில்லை. நாளை வேறொரு திட்டம் வரும், வரவும் வேண்டும். எரிபொருள் எரிக்காத மின்சாரம் இந்நாட்டுக்குத் தேவை. எந்த இடத்தில் சுழலிகளை நிறுத்தலாம், எந்த வாரங்களின் எந்த மணி நேரங்களில் அவற்றை ஓய்த்துவைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு, அவசரத்தில் சில மாதம் நடத்தும் சூழல் தாக்க ஆய்வைவிடப் பல ஆண்டுகள் ஊரவர் எழுதிவைத்த வலசைக்கால எண்களே உறுதியான விடை தரும். ராம்சார் சாசனமும் அதையே கேட்கிறது. ஓர் ஈரநிலம் வழமையாக இருபதாயிரம் நீர்ப்பறவைகளைத் தாங்கினால், அல்லது ஓர் இனத்தின் தொகையில் ஒரு வீதத்தைத் தாங்கினால், அது சர்வதேச முக்கியத்துவம் பெறத் தகுதியுடையது. வழமையாக என்பதை நிறுவ ஒரே ஆண்டு போதாது. பல பருவங்களின் உச்ச எண்கள் வேண்டும். இலங்கையின் ஆறு ராம்சார் தலங்களில் ஒன்றுகூடக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இல்லை.

கடைசி ஆட்சேபமே மிகக் கனமானது. பறவை இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தால், அதையே காரணமாக்கி எங்கள் காணியை வர்த்தமானியில் போட்டுவிடமாட்டார்களா என்று வன்னியில் கேட்பவர்கள் வீண் அச்சத்தில் கேட்கவில்லை. இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் பற்றையும் காடுமாகிப்போன வயல்களும் மேட்டுக்காணிகளும் பின்னர் அரச திணைக்களங்களின் எல்லைக்கற்களுக்குள் அகப்பட்டன என்ற முறைப்பாடு மூன்று மாவட்டங்களிலும் உண்டு. கொக்கிளாய் 1951இலேயே சரணாலயம். 1938இல் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவானது. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமானது. ஒவ்வோர் அறிவிப்பின்போதும் மீனவரும் கமக்காரரும் தங்கள் கருத்தைக் கேட்கவில்லை என்று சொன்னால் அதைச் செவிமடுப்பது பாதுகாவலர்களின் கடமை. ஆனால் இந்த அச்சத்துக்கு மருந்து எண்ணாமல் விடுவதில் இல்லை. எண்கள் ஊரவர் கையில் இல்லாதபோதுதான் வெளியார் வரையும் எல்லைக்கு எதிராகச் சொல்ல அவர்களிடம் ஆதாரம் இல்லாமல் போகிறது. வன்னியின் நீர்ப்பறவை வாழிடத்தில் பெரும்பகுதி மனிதர் கட்டிய குளமும் மனிதர் உழுத வயலும்தான். பெரும்போகத்துக்கு உழுது ஈரமாகக் கிடக்கும் வயலில் பொரி உள்ளான் மேய்வதும், சிறுபோகத்துக்கு நீர் எடுத்ததால் வெளிப்பட்ட சேற்றில் கொசு உள்ளான் இரை தேடுவதும், கமம் செய்பவரை வெளியேற்றினால் நடக்கக்கூடியவை அல்ல. எந்தப் பறவை எந்த வயலை, எந்த வாரத்தில் பயன்படுத்துகிறது என்ற கணக்கு, கமச் செய்கையும் வலசைப் பறவையும் ஒரே நிலத்தில் வாழ்ந்து வந்திருப்பதற்கான எழுத்துச் சான்றாகும். அந்தச் சான்றைத் திரட்டி, அதன் பிரதியைக் கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் பாடசாலையும் வைத்திருப்பது காணி உரிமைக்கு எதிரானதன்று. அந்த உரிமைக்குத் துணை.

தொடங்குவதற்குப் பெரிய நிறுவனமோ பணமோ தேவையில்லை. உலக வலசைப் பறவைகள் நாள் 2018 முதல் மே மாதத்திலும் ஒக்டோபர் மாதத்திலும் இரண்டாம் சனிக்கிழமைகளில் நினைவுகூரப்படுகிறது. ஒக்டோபர் நாள் நமக்குப் பொருத்தமாக, மாரி இறுகுவதற்குச் சற்று முன் வருகிறது. அதையே பொது நாளாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் இரு வாரத்துக்கு ஒருமுறை எண்ணினால் ஒரு பருவத்தின் தொடர் கிடைத்துவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் பயிற்சியும் சரிபார்ப்பும் வழங்கக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. நீர்ப்பாசனத் திணைக்களம் எழுதும் குள நீர்மட்டத்தையும் அதே நாளின் பறவை எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், எந்த மட்டத்தில் எந்தப் பறவை வருகிறது என்பது சில ஆண்டுகளிலேயே தெளியும். ஊர்ப் பாடசாலை ஒன்று தனக்கு அருகிலுள்ள ஒரே குளத்தைத் தேர்ந்து, ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், தெரிந்த பறவைகளை மட்டுமாவது எண்ணி ஒரு கொப்பியில் எழுதட்டும். பறவை இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதத் தவற வேண்டாம். எழுதிய பூச்சியம் ஒரு தரவு, எழுதாத வெற்றிடம் ஒன்றுமில்லை. ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையத்தளத்திலும் பதியலாம். கொப்பியையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குப் போக வேண்டும். இதை வாசிக்கும் வன்னி ஆசிரியர்களும் மாணவர்களும் கமக்காரரும் மீனவரும் வருகிற ஒக்டோபரின் இரண்டாம் சனிக்கிழமை விடியலில் தத்தம் குளக்கட்டில் நின்று இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.